சாஃப்ட்னருக்கு உப்பு வைப்பது எப்படி: மாடம்பாக்கத்து வீட்டுக் கணக்கு

எங்கள் வீட்டுப் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. திரிந்த பால் மாதிரி வெள்ளைத் திப்பி கையில் ஒட்டும், அவ்வளவுதான். நான் சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்த கோயம்புத்தூர்க்காரி. கல்யாணமாகி மாடம்பாக்கம் வந்த முதல் வாரம், போலி சோப்பு விற்கிறார் என்று மளிகைக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவள். தண்ணீர்தான் கோளாறு என்று புரிந்த பிறகும் சாஃப்ட்னர், அதாவது தண்ணீரின் கடினத்தை எடுக்கிற மெஷின், வாங்க 2017 ஆகிவிட்டது. அதற்குள் கீசரில் இரண்டு காயில் போய்ச் சேர்ந்தன. மூன்றாவதைக் கழற்றியபோது சுண்ணாம்பு பிடித்து முள்ளு முறுக்கு மாதிரி வெளியே வந்தது.

இப்போது எங்கள் தெருவில் எட்டு வீட்டில் சாஃப்ட்னர் இருக்கிறது. மாதத்துக்கு ஒருவராவது வாசலில் வந்து நிற்பார்கள். "அக்கா, மெஷின் செத்துப்போச்சு போல, பக்கெட்டெல்லாம் மறுபடி வெள்ளை அடிக்குது." போய்ப் பார்த்தால் மெஷின் சாகவில்லை, பட்டினி கிடக்கிறது. உப்பே வைக்காமல் விட்டிருப்பார்கள். இல்லையென்றால் உப்பு வைத்திருப்பார்கள், அது உள்ளே போயிருக்காது. இந்த இரண்டாவது ரகம்தான் மோசம், ஏனென்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

நான் ஒரு என்ஜினீயரிங் காலேஜில் 26 வருஷம் கெமிஸ்ட்ரி லேப் அசிஸ்டென்டாக இருந்தவள். முதல் வருஷப் பிள்ளைகள் தண்ணீரின் கடினத்தன்மை (அதில் கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு என்பது) பார்க்கிற சோதனைக்கு ஈ.டி.டி.ஏ. கரைசல் கலக்கி வைத்தே பாதி ஆயுள் போனது. அதனால் இதில் கொஞ்சம் அதிகமாகவே மூக்கை நுழைப்பேன்.

சிலிண்டருக்குள் நடப்பது இதுதான். உள்ளே ரெசின் என்று தேன் நிறத்தில், வறுத்த ரவை அளவில் குருணை இருக்கும். ஒவ்வொரு குருணையும் ஒரு டவுன் பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீட்டு முழுக்க சோடியம் உட்கார்ந்திருக்கிறது. போர் தண்ணீரில் வருகிற கால்சியமும் மெக்னீசியமும் ஆளுக்கு இரண்டு சீட்டு பிடிக்கிற பேர்வழிகள். ஒருவர் உட்கார இரண்டு சோடியம் எழுந்து தண்ணீரோடு போகும். எல்லா சீட்டிலும் அவர்களே உட்கார்ந்துவிட்டால் அப்புறம் வருகிற கால்சியம் நேராக உங்கள் குழாய்க்கு வந்துவிடும். அப்போது கெட்டியான உப்புத் தண்ணீரை உள்ளே விட்டால், சோடியம் கூட்டமாக ஏறி, எண்ணிக்கை பலத்தில் கால்சியத்தை இறக்கிவிடும். ரீஜெனரேஷன் என்பது இவ்வளவுதான். எங்கள் தெருவில் "சார்ஜ் போடுறது" என்பார்கள்.

எத்தனை நாளைக்கு ஒரு முறை என்று கேட்காதீர்கள். எத்தனை லிட்டருக்கு ஒரு முறை என்று கேளுங்கள். விருந்தாளி வந்த வாரமும், எல்லோரும் ஊருக்குப் போன வாரமும் ரெசினுக்கு ஒன்றல்ல.

கணக்கு எளிது. ஒரு லிட்டர் ரெசின் சுமார் 50 கிராம் கடினத்தைப் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் சிலிண்டரில் 25 லிட்டர் ரெசின், ஆக 1,250 கிராம். எங்கள் போரின் கடினத்தன்மை 640 பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு 0.64 கிராம். வகுத்தால் 1,950 லிட்டர் சொச்சம் வரும். (குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரத்தில் 200 வரை சரி, வேறு வழியே இல்லையென்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். நாங்கள் அந்தப் பொறுமையையும் தாண்டியவர்கள்.) கடைசிச் சொட்டு வரை ரெசினைக் கறக்கக் கூடாது என்பதால் நான் 1,750-லேயே நிறுத்திவிடுவேன். மொட்டை மாடியில் சாஃப்ட் தண்ணீருக்கென்று 500 லிட்டர் டேங்க் தனியாக இருக்கிறது. அது மூன்றரை முறை நிரம்பினால் சார்ஜ். எங்கள் வீட்டில் இது சுமார் நான்கு நாளைக்கு ஒரு முறை வரும். தினசரி காலண்டரில் டேங்க் நிரம்பிய நாளுக்கு ஒரு கோடு கிழிப்பேன். ராகு காலம் எழுதிய இடத்தில் கோடு விழுகிறது என்று மாமியாருக்குக் கொஞ்சம் வருத்தம்.

உங்கள் சிலிண்டரில் ரெசின் எத்தனை லிட்டர் என்பது பில்லில் இருக்கும். சிலிண்டரின் கொள்ளளவை அப்படியே ரெசின் அளவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மேலே கணிசமான இடம் காலியாகத்தான் விட்டிருப்பார்கள், பேக்வாஷ், அதாவது தண்ணீரைக் கீழிருந்து மேலே விட்டு அலசுவது, செய்யும்போது குருணை எழும்ப இடம் வேண்டும். கடினத்தன்மை எவ்வளவு என்பதற்கு, கரைந்திருக்கிற மொத்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை நம்பவே நம்பாதீர்கள். சாஃப்ட்னர் உப்பை எடுப்பதில்லை, ஒன்றுக்கு இன்னொன்றை மாற்றி வைக்கிறது. டி.டி.எஸ். அப்படியே இருக்கும், ஒரு பிடி ஏறக்கூட ஏறும். "மீட்டர்ல குறையவே இல்ல, ஏமாத்திட்டாங்க" என்று புது மெஷினைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பியவரை நானே தெருமுனையில் மறித்திருக்கிறேன்.

கடினத்தன்மை பார்க்கச் சொட்டு விட்டுப் பார்க்கிற கிட் கிடைக்கிறது. அதில் மூன்று பாட்டில். ஒன்றைத் திறந்தால் அமோனியா மூக்கைத் துளைக்கும், அது பஃபர். இரண்டாவது கறுப்பான இண்டிகேட்டர். மூன்றாவது ஈ.டி.டி.ஏ. சின்னக் குப்பியில் தண்ணீர் பிடித்து, பஃபர் விட்டு, இண்டிகேட்டர் ஒரு துளி போட்டால் போர் தண்ணீர் சிவக்கும். லேப் மேனுவலில் ஒயின் சிவப்பு என்று எழுதியிருக்கும். நான் பிள்ளைகளிடம் பீட்ரூட் வேகவைத்த தண்ணி என்பேன். ஈ.டி.டி.ஏ.வைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கிக்கொண்டே வந்தால் பீட்ரூட் கத்தரிப்பூ நிறமாகி, அப்புறம் ஒரே ஒரு சொட்டில் சட்டென்று நீலமாகும். அந்த ஒரு சொட்டைத் தவறவிட்டுவிட்டு என்னிடம் வந்து நிற்காத பையனே கிடையாது. ஒரு சொட்டுக்கு எத்தனை பி.பி.எம். என்பது கிட்டுக்குக் கிட்டு மாறும், டப்பாவில் போட்டிருப்பார்கள்.

சாஃப்ட் தண்ணீரைச் சோதிக்க இவ்வளவு கூட வேண்டாம். பஃபரும் இண்டிகேட்டரும் விட்டதுமே நேராக நீலம் வந்தால் ரெசின் நல்லா இருக்கிறது. சிவப்பு ஓடினால் சீட்டு நிரம்பிவிட்டது என்று அர்த்தம்.

உப்பு விஷயத்துக்கு வருவோம். ஒரு லிட்டர் ரெசினுக்கு 150 கிராம் கணக்கு. எங்களுக்கு 3.75 கிலோ, நான் நாலு கிலோவாகப் போட்டுவிடுவேன். மாதம் 30 கிலோ ஓடும். கையால் வால்வ் திருப்புகிற மெஷினுக்குச் சுத்தமான கல்லுப்பு போதும். சமையலுக்கு வாங்குகிற தூள் உப்பு வேண்டாம். விலையும் அதிகம், தானியங்கி மெஷினின் உப்புத் தொட்டியில் போட்டால் இறுகி மேலே ஆடை மாதிரி பாலம் கட்டிவிடும். தொட்டியில் உப்பு அப்படியே இருக்கிறதே என்று நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள், கீழே தண்ணீரோ உப்பைத் தொடாமல் இருக்கும். தானியங்கி வைத்திருப்பவர்கள் மாத்திரை உப்பே வாங்குங்கள், மாதம் ஒரு முறை குச்சியால் குத்திப் பாருங்கள். அதற்கு மேல் அந்த மெஷினில் நீங்கள் செய்ய அதிக வேலை இல்லை. இனி சொல்வதெல்லாம் கை வால்வ் வைத்திருப்பவர்களுக்கு.

முந்தின நாள் ராத்திரியே நாலு கிலோ உப்பை 15 லிட்டர் தண்ணீரில் போட்டுவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 360 கிராம் உப்பைத்தான் கரைக்கும், அதனால் தண்ணீரைக் குறைத்தால் அடியில் உப்பு தங்கிவிடும். தூங்கப் போகும் முன் ஒரு கிளறு. காலையில் பார்த்தால் மேலே தெளிவாகவும் அடியில் சேறும் மண்ணும் விரல் கனத்துக்கு இருக்கும். தெளிவை மட்டும் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி இன்னொரு பக்கெட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வடிகட்டலைத் தவிர்த்ததற்கு நான் கொடுத்த விலையைப் பின்னால் சொல்கிறேன்.

வால்வ் தலையில் கைப்பிடியைச் சுற்றிலும் எழுதியிருக்கும்: சர்வீஸ், பேக்வாஷ், பிரைன், ஃபாஸ்ட் ரின்ஸ். சிலதில் ரீஃபில் என்று ஒன்று கூட இருக்கும். ஒரே ஒரு சட்டம்: மோட்டார் ஓடும்போது கைப்பிடியைத் திருப்பக் கூடாது. மோட்டாரை நிறுத்தி, அழுத்தம் இறங்கவிட்டு, அமுக்கித் திருப்பி, அப்புறம் மோட்டார். அவசரப்பட்டால் உள்ளே இருக்கிற ரப்பர் கேஸ்கெட் பிசிறும். அப்புறம் எந்த நிலையில் வைத்தாலும் டிரெயினில் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டுக்காரர் கையால் ஒரு கேஸ்கெட் போயிருக்கிறது. அன்றிலிருந்து அவர் உப்பு மூட்டை தூக்குவதோடு சரி.

முதலில் பேக்வாஷ், பத்து நிமிஷம். தண்ணீர் கீழிருந்து மேலே போய்க் குருணையைக் கலைத்து, தங்கியிருக்கிற மண்ணை அடித்துக்கொண்டு வெளியே வரும். டிரெயின் குழாயில் ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். டீத் தண்ணி நிறம் போய்த் தெளிவானால் போதும். டம்ளர் அடியில் ரவை மாதிரி குருணை கிடந்தால் வேகம் அதிகம், இன்லெட் வால்வைக் கொஞ்சம் குறையுங்கள். இந்த பேக்வாஷ் தண்ணீரில் உப்பு இன்னும் சேரவில்லை. வாசல் தெளிக்க, வண்டி கழுவப் பிடித்துக்கொள்ளலாம்.

அடுத்தது பிரைன், அதாவது உப்புத் தண்ணீர். இங்கேதான் நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். வால்வ் தலைக்குள் இன்ஜெக்டர் என்று ஒரு சின்ன பாகம், அதில் பொடித் துளை. தண்ணீர் அதன் வழியே வேகமாகப் போகும்போது பக்கெட்டில் இருக்கிற உப்புத் தண்ணீரை உறிஞ்சி, தண்ணீரோடு கலந்து ரெசினுக்குள் விடும். உறிஞ்சுகிறதா என்பதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். பக்கெட்டில் தண்ணீர் மட்டத்துக்கு நேராகச் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ஐந்து நிமிஷம் கழித்து வந்தால் மட்டம் கோட்டுக்குக் கீழே மூன்று விரலாவது இறங்கியிருக்க வேண்டும். மொத்த பக்கெட்டும் இறங்க 25 முதல் 30 நிமிஷம் ஆகும். பத்து நிமிஷத்தில் குடித்துவிட்டால் நல்லது என்று நினைக்காதீர்கள், ரெசினோடு உப்பு பழக நேரம் வேண்டும். அடியில் இரண்டு விரல் மிச்சம் இருக்கும்போதே பிரைன் குழாயின் சின்ன வால்வை மூடிவிடுங்கள், இல்லையென்றால் காற்று இழுக்கும். கைப்பிடி அங்கேயே இருக்கட்டும். இன்னும் 15 நிமிஷம் வெறும் தண்ணீர் மெதுவாகப் போய் உப்பைக் கடைசி வரை தள்ளிக்கொண்டு போகும். பலரும் இந்த 15 நிமிஷத்தை முழுங்கிவிடுகிறார்கள். போட்ட உப்பு முழுசாக வேலை செய்யாமல் சாக்கடைக்குப் போவது அதனால்தான்.

கடைசியாக ஃபாஸ்ட் ரின்ஸ், பத்து நிமிஷம். டிரெயின் தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கடல் கரிப்பு போய், உங்கள் போர் தண்ணீரின் வழக்கமான ருசிக்கு வந்துவிட்டால் நிறுத்தலாம். இண்டிகேட்டர் விட்டுப் பாருங்கள், நீலம். சர்வீஸில் வைத்து டேங்குக்கு ஏற்றுங்கள்.

ஒரு முறை சார்ஜ் போட எங்கள் வீட்டில் சுமார் 250 லிட்டர் டிரெயினுக்குப் போகிறது. அதில் பிரைன் நேரத்துத் தண்ணீர் கடும் உப்பு. தோட்டத்துக்கு வேண்டாம். அதைவிட முக்கியம், அது மழைநீர்க் குழிக்குள் போகக் கூடாது. 2003-க்குப் பிறகு தமிழ்நாட்டில் எல்லா வீட்டிலும் மழைநீர் சேகரிப்பு வைத்தாக வேண்டும் என்று ஆன பிறகு, காம்பவுண்டு ஓரத்துக் காலி பைப் எல்லாமே பிளம்பர் கண்ணுக்கு டிரெயினாகத் தெரிகிறது. எதிர் வீட்டில் அப்படித்தான் சேர்த்துவிட்டார். மாதம் 30 கிலோ உப்பைத் தன் போருக்குத் தானே ஊட்டிக்கொண்டிருந்தார்கள். கழிவுநீர்க் குழாயில் சேர்ந்திருக்கிறதா என்று ஒரு முறை போய்க் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

இப்போது என் கதை. 2022-ல் ஒரு நாள் ஈ.சி.ஆர். வழியாக வரும்போது மரக்காணம் பக்கம் உப்பளத்து ஓரத்தில் மூட்டை மலிவாகக் கிடைத்தது. இரண்டு மூட்டை ஏற்றிக்கொண்டோம். நல்ல உப்புதான், ஆனால் உப்பளத்து மண்ணும் சேர்ந்தே வரும். அந்தச் சமயம் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள், வடிகட்ட யாருக்கு நேரம்? அப்படியே பக்கெட்டில் கொட்டிக் கலக்கிக் குழாயைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவேன். இரண்டு மாதத்தில் பாத்ரூம் குழாயில் வெள்ளை திரும்பி வந்தது. சர்வீஸுக்கு வந்த பையன் சிலிண்டரைத் தட்டிப் பார்த்து, "ரெசின் லைஃப் முடிஞ்சிருச்சும்மா, 25 லிட்டரும் மாத்தணும்" என்றான். ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. எனக்கு மனசு ஒப்பவில்லை. ரெசினுக்கு உண்மையிலேயே வயசாகியிருந்தால் சார்ஜ் போட்ட கையோடு எடுத்த தண்ணீர் நீலமாகத்தான் இருக்க வேண்டும், சீக்கிரம் சிவப்புக்குத் திரும்பும், அவ்வளவுதான். எனக்கோ சார்ஜ் போட்ட மறு நிமிஷமே பீட்ரூட். அப்படியென்றால் உப்பு உள்ளே போகவே இல்லை.

அன்றுதான் முதல் முதலாகச் சாக்பீஸ் கோடு போட்டேன். அரைமணி நேரம் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். மட்டம் ஒரு நூல்கூட இறங்கவில்லை. இறங்குவதற்குப் பதில் ஏறுகிறதோ என்றுகூடத் தோன்றியது. மோட்டாரை நிறுத்தி இன்ஜெக்டரைக் கழற்றினால் துளையில் களிமண், பிள்ளையார் பிடிக்கலாம். பழைய டூத் பிரஷும் தண்ணீரும் போதும். ஊசி, கம்பி எதுவும் உள்ளே விடாதீர்கள், துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் உறிஞ்சுகிற சக்தி போய்விடும். மாட்டிவிட்டு, பட்டினி கிடந்த ரெசினுக்கு அன்று மட்டும் எட்டு கிலோ வைத்தேன். நீலம் வந்தது. அந்த ரெசின்தான் இன்றும் ஓடுகிறது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை இன்ஜெக்டரைக் கழற்றிப் பார்ப்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன்.

ரெசினை உண்மையிலேயே கெடுக்கிறவை இரண்டு. ஒன்று இரும்பு. போர் தண்ணீரைக் கண்ணாடி ஜாடியில் பிடித்து ராத்திரி முழுக்க வைத்தால் காலையில் செம்பழுப்பாக அடி தங்குகிறதா? அப்படியென்றால் சாஃப்ட்னருக்கு முன்னால் இரும்பு எடுக்கிற ஃபில்டர் வேண்டும், இல்லையென்றால் குருணைமேல் துரு போர்த்திவிடும். லேசாகப் பிடித்திருந்தால் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், பத்து லிட்டர் தண்ணீருக்குக் கால் கிலோ கலந்து, பிரைன் மாதிரியே உறிஞ்சவிட்டு, ஒரு மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசிவிட்டு, அப்புறம் வழக்கமான உப்பு சார்ஜ் போடலாம். இரண்டாவது ப்ளீச்சிங் பவுடர். மழைக்காலம் முடிந்ததும் சம்பில் கை நிறைய அள்ளிப் போடுகிற பழக்கம் நமக்கு உண்டு. குளோரின் ரெசினின் கட்டமைப்பையே தளர்த்திவிடும். சம்பைக் கழுவுகிற அன்று சாஃப்ட்னரை பைபாஸில் வைத்து, நெடி போகும்வரை காத்திருங்கள்.

மோட்டார் வேகத்தையும் பாருங்கள். 25 லிட்டர் ரெசினுக்கு மணிக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல் தள்ளக் கூடாது. 500 லிட்டர் டேங்க் கால்மணியில் நிரம்பினால் கால்சியத்துக்கு சீட்டில் உட்காரவே நேரம் இல்லை. பத்து நாள் முன்னால், "சார்ஜ் போட்ட அன்றே கறை வருது" என்று வந்தவர்கள் வீட்டில் கோளாறு இதுதான்.

சமையலறைக் குழாயை சாஃப்ட் லைனில் சேர்க்கவில்லை. எங்கள் கடினத்தன்மைக்கு லிட்டருக்குக் கிட்டத்தட்ட 300 மில்லிகிராம் சோடியம் கூடுதலாகச் சேரும். மாமியாருக்கு பி.பி. இருக்கிறது. கழிப்பறை ஃப்ளஷ்ஷும் நேரடி போர் தண்ணீர்தான், அதற்கெதற்கு நாலு கிலோ உப்பு? மற்றபடி குளியல், வாஷிங் மெஷின், கீசர் மட்டும். முதல் வாரம் எவ்வளவு ஊற்றினாலும் சோப்பு போகாத மாதிரி உடம்பு வழவழவென்று இருக்கும். சோப்பு போய்விட்டது, அந்த வழவழப்புதான் நல்ல தண்ணீரின் குணம், பழகிக்கொள்ளுங்கள். துணி சோப்புத் தூளைப் பாதியாகக் குறையுங்கள், இல்லையென்றால் மெஷின் வாய் வழியே நுரை தள்ளும். முடி கொட்டுவது நிற்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு நிற்கவில்லை.

பத்து நாளுக்கு மேல் ஊருக்குப் போவதாக இருந்தால், கிளம்பும் முன் சார்ஜ் போட்டு, சிலிண்டர் நிறையத் தண்ணீரோடு விட்டுப் போங்கள். ரெசின் காய்ந்தால் குருணை வெடித்துப் பொடியாகும். வெயில் நேராக அடிக்கிற இடமானால் சாக்கு ஒன்றைச் சுற்றிவிடுங்கள். திரும்பி வந்ததும் தேங்கிய தண்ணீரை டேங்குக்கு ஏற்றிவிடாதீர்கள். பெட்டியை இறக்கியதும் பேக்வாஷ், குளியல் அப்புறம்.